மேசை ஆடுகிறது

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கு நான் சௌக்கியம். நீயும் உன் மனைவியும் உன் மாமனாரும் சௌக்கியமா என்று போன கடிதத்திலும் கேட்டேன், அதற்கு முந்தின கடிதத்திலும் கேட்டேன். இப்போது மூன்றாவது முறையாகக் கேட்கிறேன். நாலு வரி எழுதினால் கை தேய்ந்தா போய்விடும்? பட்டறையில் ரம்பச் சத்தத்தில் உன் காது போனதிலிருந்து போனில் பேசவும் வழியில்லை. நான் இங்கே “சாப்பிட்டியா” என்று கேட்டால் இந்தக் கட்டடமே “சாப்பிட்டோம்” என்கிறது, உனக்கு மட்டும் கேட்பதில்லை.

பார்லரை விட்டு நின்ற பிறகும் எனக்கு ஞாயிற்றுக்கிழமையில் ஓய்வில்லை. வழக்கம்போலக் கட்டடத்துத் தலைகள் எல்லாம் முடிவெட்டிக்கொள்ள என் நாற்காலிக்கு வந்து போகின்றன. கீழ்வீட்டு டாக்ஸிக்காரருக்குத் தலையை ஆட்டாமல் பேசத் தெரியாது, பேசாமல் இருக்கவும் தெரியாது. எதிர்வீட்டு டீச்சர் “ரொம்பக் குறைக்காதீங்கக்கா” என்று உட்காருவாள், பாதியில் “இன்னும் கொஞ்சம் குறைக்கலாமோ” என்பாள், எழுந்ததும் “குறைஞ்சிடுச்சோ” என்பாள். என் பொறுமைக்குக் கோயில் கட்ட வேண்டும்.

ஆனாலும் விட முடியுமா? உன் அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாங்கள் இங்கே குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. முகம் தெரியாத எனக்காக அந்த டாக்ஸிக்காரர் சவாரியை விட்டுவிட்டு வாசலில் காத்துக் கிடந்தார். டீச்சர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தே பரீட்சைப் பேப்பர் திருத்தினாள். உன் அத்தான் போன பிறகு பதிலுக்குச் செய்ய என்னிடம் இருந்தது ஒரு கத்தரிக்கோல்தான். அதைத்தான் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குகிறாயாமே, உன் மனைவி எழுதியிருந்தாள். பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டையரான டிக்கெட் பரிசோதகர் இருக்கிறாராம், அவர் வீட்டுக் கதவு மூட மாட்டேன் என்கிறதாம். தச்சன் பக்கத்திலேயே இருந்தும் மனுஷன் கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்துத் தூங்குகிறார். வெட்கமாக இல்லையா உனக்கு? போய்ச் சரிசெய்து கொடு.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று கேட்காதே. நீ செய்து கொடுத்த மேசை ஆடுகிறது.

உன்னைத் திருத்த முடியாது என்று தெரிந்தும் எழுதும்,
அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். மாமனார் படுத்த படுக்கையிலிருந்தே வீட்டை அதிகாரம் செய்கிறார். என் மனைவியால் வாசல் தாண்ட முடியவில்லை. உன் உடம்பு எப்படி?

முதலில் மேசை விஷயம். அந்த மேசை ஆடாது. உன் கல்யாணத்துக்கு என் கையால் இழைத்தது, ஓர் ஆணிகூட அடிக்காமல் பொருத்தினது. அதன் மேல் ஏறி நின்று அத்தான் பல்பு மாற்றியிருக்கிறார். அவர் எடை உனக்குத் தெரியும். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அந்தக் கதையாக இருக்கிறது. உன் எழுத்து கோணலானால் என் மேசையை ஏன் இழுக்கிறாய்? எந்தக் கால் ஆடுகிறது என்று பார்த்து எழுது. அதுவரைக்கும் அட்டையை மடித்து அடியில் வை.

அடுத்தது, உன் பேச்சைக் கேட்டு நான் பட்ட பாடு. பரிசோதகர் வீட்டுக் கதவைப் பார்க்கப் போனேன். ஈரத்தில் ஊதியிருந்தது. இழைத்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் மனுஷன் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு இழைப்புக்கும் “போதுமா, போதுமா” என்று என் காதில் கத்தினார். வேலை முடிந்ததும் வெளியே போய்க் கதவைச் சாத்திப் பார்த்தார், உள்ளே வந்து சாத்திப் பார்த்தார், கீல், தாழ்ப்பாள், நாதங்கி எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். டிக்கெட் இல்லாமல் ஏறின பயணியை விசாரிப்பதுபோல என் வேலையை விசாரித்தார். கடைசியில் சொன்னார், “கதவு சரி. ஜன்னலும் ஒண்ணு இருக்கு.”

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போகிறேன். ஜன்னல் முடிந்து அலமாரிக்கு வந்திருக்கிறோம். என் தூக்கத்தைக் கெடுத்த பாவம் உன்னைச் சும்மா விடாது.

எந்தக் கால் என்று மறக்காமல் எழுது.

அன்புத் தம்பி


பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

நலமாக இருக்கிறேன். உன் மாமனாரின் அதிகாரம் ஓங்கட்டும், அதிகாரம் செய்கிற உடம்பு நன்றாகத்தான் இருக்கும்.

அட்டை வைத்தேன். ஆடுகிறது. முன்பக்கம் இடது கால் என்று நினைத்தேன். பிறகு வலது கால் என்று தோன்றியது. இப்போது எல்லாக் காலும் ஆடுகிறது. உன் மேசையின் பெருமையை நீயே வைத்துக்கொள். அடுத்த கடிதத்தில் மேடை, ஆட்டம் என்று ஏதாவது எழுதினாய் என்றால் நான் உனக்கு எழுதுவதையே நிறுத்திவிடுவேன்.

பரிசோதகரைப் பொறுத்துக்கொள். தனியாக இருக்கிற மனுஷன் கதவை மட்டுமா காட்டுகிறார், பேச்சுத் துணைக்கு ஆள் தேடுகிறார். இதுகூட உனக்கு நான் சொல்லித்தர வேண்டும்.

என் வயிற்றெரிச்சலைக் கேள். போன ஞாயிறு டாக்ஸிக்காரருக்கு வெட்டிவிட்டேன். வழக்கம்போல ஆட்டினார், வழக்கம்போலத் திட்டினேன். மறுநாள் காலையில் மாடிப்படியில் எனக்கு முன்னால் இறங்கிப் போகிறார். பின்கழுத்தைப் பார்க்கிறேன், நேர்க்கோடு போட்டதுபோல் மெஷின் ஓடியிருக்கிறது. நான் மெஷினைத் தொடுகிறவளா? முப்பது வருஷம் கத்தரியும் சீப்பும்தான் என் கை. நான் வெட்டின தலை எனக்குத் தெரியாதா? என்னிடம் உட்கார்ந்து எழுந்து, நேராகத் தெருமுக்கு சலூனுக்குப் போய் மறுபடி வெட்டிக்கொண்டிருக்கிறார்.

“என்ன, கழுத்துல புதுசா கோடு?” என்று கேட்டேன். “வேர்வைக்கா, காலர் அரிச்சிருக்கும்” என்றார். காலர் நேர்க்கோடாக அரிக்குமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். சவாரி போகிறவர்களிடம் இப்படித்தான் வழி சொல்வார்போலும்.

மனசு ஆறவில்லை. அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீ கோபமாக இருப்பதால் நலமாகத்தான் இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

டாக்ஸிக்காரர் எங்காவது விசேஷத்துக்குப் போயிருப்பார், கொஞ்சம் பளபளவென்று இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். ஒரு கோட்டுக்காக ஒரு மனுஷனைத் தூக்கில் போடாதே.

மேசைக்கு வருகிறேன். நாலு காலும் சேர்ந்து ஆடாது அக்கா. நாலும் ஆடினால் அது மேசையின் குற்றமில்லை, தரையின் குற்றம். வேறு இடத்தில் போட்டு எழுதிப் பார். இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். அதில் மூன்று அளவில் மர ஆப்புகள் இருக்கின்றன. சின்னதை முதலில் வை, தேவைப்பட்டால் பெரியது. சுத்தியலால் அடிக்காதே, கையால் தள்ளினால் போதும்.

இங்கே ஒரு அதிசயம் நடந்திருக்கிறது. போன வாரம் அலமாரி வேலை முடிந்ததும் பரிசோதகர் என்னோடு வீட்டுக்கு வந்தார். மாமனாரைப் பார்த்தார், “சீட்டு ஆடுவீங்களா?” என்றார். அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இரண்டு பேரும் ஏமாற்றுகிறார்கள், இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துவிடுகிறார்கள், சண்டை வாசல் வரைக்கும் கேட்கிறதாம். ஆனால் அந்த நேரத்தில் என் மனைவி வெளியே போகிறாள். சும்மா தெருவைச் சுற்றிவிட்டு வந்தாலும் அவள் முகம் வேறு மாதிரி இருக்கிறது.

எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. “உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்” என்றேன். அவர் என்னை முறைத்து, “நீங்க என் கதவை இழைக்கறப்போ நான் அப்படிக் கேட்டேனா?” என்றார்.

ஆப்பு வந்து சேர்ந்ததும் எழுது.

அன்புத் தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

இருக்கிறேன்.

ஆப்பு வந்தது. “தம்பி அக்காவுக்கு ஆப்பு அனுப்பியிருக்கானா” என்று டாக்ஸிக்காரர் வாசலில் நின்று சிரித்தார். சிரிக்கட்டும். சின்னதும் வைத்தேன், பெரியதும் வைத்தேன், மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டும் பார்த்தேன். ஆடுகிறது. இனி அதைப்பற்றி எழுதாதே.

ஜன்னலோரம் போட்டதில் ஒரு லாபம். தெருமுக்கு நன்றாகத் தெரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை டீச்சர் என்னிடம் வெட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து, “அழகா இருக்குக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு தெருவில் போகிறாள். சலூன் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தாள். அவளுக்குப் பின்னால் மேல்வீட்டு அம்மா, அவளுக்குப் பின்னால் தொப்பி போட்டுக்கொண்டு அவள் புருஷன். என் நாற்காலியில் என்ன வரிசையில் உட்கார்ந்தார்களோ அதே வரிசையில் போகிறார்கள். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்கள், இதுதான். வெட்டு பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதுதானே. சொல்லியிருந்தால் செத்தா போயிருப்பேன்? அழகா இருக்குக்கா. இந்தப் பொய்யை எத்தனை ஞாயிற்றுக்கிழமையாகச் சொல்கிறாளோ.

நாற்காலியை மடித்து வைத்துவிட்டேன். கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். இனி ஞாயிற்றுக்கிழமை யார் கதவைத் தட்டினாலும் திறக்கப் போவதில்லை. அவர்கள் எனக்குச் செய்ததற்கு நான் செய்தது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 29

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் எதிர்வீட்டில் இருப்பவரின் தம்பி எழுதுகிறேன். உங்கள் குடும்பத்தில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். நேரில் பழக்கமில்லாமல் கடிதம் எழுதுவதை மன்னிக்கவும். அத்தான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் செய்த உதவிக்கு இதுவரை நான் நன்றி சொல்லவில்லை. அதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

முதலில் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் அக்காவிடம் முடிவெட்டிக்கொண்டு நேரே சலூனுக்குப் போவது நியாயமில்லை. அவள் அதைப் பார்த்துவிட்டாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது ஓர் உதவி. அவள் வீட்டில் நான் செய்த மேசை ஒன்று இருக்கிறது. அது ஆடுகிறது என்று மூன்று மாதமாக எழுதுகிறாள். அவளுடைய கடைசிக் கடிதத்தின் உறையில் என் வீட்டு எண்ணே புரியாமல் தபால்காரர் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், “மேசை ஆடினா எழுத்து எப்பவாவது ஒரு தடவை வழுக்கும். இது ஒவ்வொரு எழுத்தும் நடுங்கியிருக்கு. நான் ஓடற வண்டியில நின்னுக்கிட்டு எழுதின எழுத்து இப்படித்தான் இருக்கும்.”

அதற்குப் பிறகு எனக்கு வேலையில் மனம் ஓடவில்லை. தயவுசெய்து ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி அந்த மேசையின் நடுவில் வைத்துப் பாருங்கள். மேசையை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் அசைகிறதா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.

நன்றியுடன்,
தச்சுவேலை செய்யும் தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள சகோதரருக்கு,

வணக்கம். நாங்கள் நலம். உங்கள் கோபம் நியாயமானதுதான், ஆனால் கதை முழுசாகத் தெரிந்த பிறகு கோபப்படுங்கள்.

முதலில் தண்ணீர். அக்கா இப்போது யாருக்கும் கதவைத் திறப்பதில்லை. என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பொய் சொல்லி உள்ளே போனேன். டம்ளரை நிரப்பி மேசையின் நடுவில் வைத்து நாலு மூலையிலும் அழுத்திப் பார்த்தேன். துளி அசையவில்லை. உங்கள் மேசை கல்போல நிற்கிறது. “இங்க எதுக்குத் தண்ணியை வெச்ச?” என்று அக்கா வந்து மேசையில் கையை ஊன்றினார். தண்ணீர் ஆடியது. நான் பார்த்ததை அவர் பார்த்தார். கையை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டார்.

கை நடுங்க ஆரம்பித்து வெகுநாள் ஆகிவிட்டது. முதலில் டாக்ஸிக்காரரின் காதில் கத்தரி பட்டது. அவர் தலையை ஆட்டியதால் என்று அக்கா திட்டினார், அவரும் “ஆமாக்கா, என் தப்பு” என்றார். அன்று அவர் ஆடவே இல்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். அடுத்து என் முடி. இடது பக்கம் காதுக்கு மேலே, வலது பக்கம் காதுக்குக் கீழே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இது புது ஸ்டைல் என்று பாராட்டினார்கள்.

இதை அவரிடம் யார் சொல்வது? ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களைத் திட்டுவதற்காகவே அவர் வாரம் முழுக்கத் தெம்பாக இருப்பார். அந்த நாற்காலியை எடுத்துவிட்டால் அவருக்கு என்ன இருக்கிறது என்று பயந்தோம். அதனால் அவரிடம் உட்காருவோம், பிறகு முக்குக் கடைக்குப் போவோம் என்று பேசிக்கொண்டோம். அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர், சிரிக்கவே மாட்டார். “மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்” என்று மட்டும் சொல்வார். அவருடைய மெஷின் கோடு எங்களைக் காட்டிக்கொடுக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. முப்பது வருஷம் முடிவெட்டினவரை முடியை வைத்து ஏமாற்றப் பார்த்தோம், எங்களைப்போல முட்டாள்கள் உண்டா?

டாக்டரிடம் போகலாம், வண்டியை எடுக்கிறேன் என்று டாக்ஸிக்காரர் கதவுக்கு வெளியே நின்று கரடியாய்க் கத்துகிறார். “உங்க யாரோட நேரமும் எனக்கு வேண்டாம்” என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது. எனக்கு அழுகையும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. நீங்கள் எழுதினால் கேட்பார்.

உங்கள் சகோதரி,
எதிர்வீட்டு டீச்சர்


ஏப்ரல் 12

என் அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சௌக்கியம் என்று எழுதுவாய்.

மேசை ஆடவில்லை. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இப்போது டீச்சருக்கும் தெரியும். மூன்று மாதமாக நான் அட்டை, ஆப்பு என்று உளறிக்கொண்டிருந்திருக்கிறேன். மேடை கோணல் என்று உன்னைக் கேலி வேறு செய்தேன். அதைப் படித்தபோது உனக்கு எப்படி இருந்திருக்கும். ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? கை நடுங்குகிறது தம்பி என்று மூன்று வார்த்தை. அதற்குக் கூடவா நான் ஆகாமல் போனேன்?

உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைச் சொல்லியே தீர வேண்டும். நீ கஞ்சம் அக்கா. ஊருக்கெல்லாம் முடிவெட்டுகிறவளை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். கொடுக்கிற சந்தோஷத்தை எல்லாம் நீயே வைத்துக்கொண்டாய். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் யாரையாவது உனக்கு ஒன்று செய்ய விட்டாயா? டாக்ஸியில் ஏறச் சொன்னால் பஸ்ஸில் போவாய். டீச்சர் ஏதாவது கொண்டுவந்தால் மறுநாளே பாத்திரத்தை நிரப்பித் திருப்பிக் கொடுப்பாய்.

அத்தான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர்கள் எதை எதிர்பார்த்து வந்தார்கள்? நீ முடிவெட்டுவாய் என்றா? அவர்களுக்கு உன் பெயர்கூடத் தெரியாது. நீதான் அதைக் கடனாக நினைத்து இன்றுவரை அடைத்துக்கொண்டிருக்கிறாய். அவர்கள் கொடுத்தது கடன் இல்லை.

வாங்கிக்கொள்வது சுலபம் என்று நினைத்திருந்தேன். பரிசோதகர் என் மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்த முதல் நாள் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போது பழகிவிட்டது. வாங்குகிறவன் ஒருத்தன் இருந்தால்தானே கொடுக்கிறவனுக்கும் வழி.

டாக்ஸிக்காரரோடு டாக்டரிடம் போ. என்னைத் திட்டியாவது பதில் எழுது. கை நடுங்கினால் நடுங்கட்டும், எனக்குப் படிக்கத் தெரியும்.

உன் தம்பி


மே 6

அக்காவுக்கு,

பதில் இல்லை. தபால்காரரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வருகிறது, பாவம் அவர் என்ன செய்வார். பரிசோதகர் தினமும் “அக்காகிட்டயிருந்து வந்துதா?” என்கிறார், மாமனார் படுக்கையிலிருந்து அதையே கேட்கிறார், என் மனைவி கேட்காமல் முகத்தைப் பார்க்கிறாள்.

நான் எழுதினது அதிகம் என்றால் மன்னித்துவிடு. அதிகம் இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன், இருந்தாலும் மன்னித்துவிடு.

இந்த மாதக் கடைசி சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நான் இல்லாத நேரத்தில் மாமனாரைப் பரிசோதகர் பார்த்துக்கொள்கிறார். நீ கதவைத் திறக்கவில்லை என்றால் வாசலில் உட்கார்ந்திருப்பேன். ஊர் கேட்டால் மேசையைச் சரிபார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்.

தம்பி


மே 19

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு முழுசாக ஒரு நாள் ஆனது. டீச்சர் “நான் எழுதறேன், நீங்க சொல்லுங்க” என்றாள். வேண்டாம், அவனுக்குப் படிக்கத் தெரியுமாம், படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டேன். என்னைக் கஞ்சம் என்று சொல்ல உனக்கு எவ்வளவு தைரியம். ஒரு வாரம் உன்னைத் திட்டினேன். அடுத்த வாரம் அந்தக் காகிதத்தைக் குப்பையில் தேடினேன், கிடைக்கவில்லை, அதற்கும் உன்னைத்தான் திட்டினேன். உன் இரண்டாவது கடிதம் வந்த அன்று கதவைத் திறந்தேன். டாக்ஸிக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். எத்தனை நாளாக அப்படி உட்கார்ந்திருக்கிறாரோ, நான் கேட்கவில்லை. “போலாமாக்கா?” என்றார். “போலாம்” என்றேன்.

நரம்பு டாக்டர் என்னைக் கோடு போடச் சொன்னார், வட்டம் போடச் சொன்னார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார். மாத்திரை கொடுத்திருக்கிறார். நடுக்கம் குறையுமாம், போகாதாம். உயிருக்கு ஒன்றும் இல்லையாம். “கத்தரிக்கோல் பிடிக்கலாமா?” என்று கேட்டேன். “பிடிக்கலாம், யார் தலைக்கும் பக்கத்துல வேணாம்” என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். டாக்ஸிக்காரர் வாயைத் திறக்கவில்லை, தலையையும் ஆட்டவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் சும்மா இருந்து அன்றுதான் பார்த்தேன்.

வீட்டு வாசலில் இறங்கியதும் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்டேன். “ஏன் எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாத்தினீங்க? கோணலா இருக்குன்னு ஒருத்தராவது சொல்லக் கூடாதா?” என்றேன். டாக்ஸிக்காரர்தான் மெதுவாக, “நீங்க மட்டும் மேசை ஆடுதுன்னு சொல்லலாமா?” என்றார். டீச்சர் எல்லாவற்றையும் உளறிவைத்திருக்கிறாள். இந்தக் கட்டடத்தில் ஒரு ரகசியம் தங்காது.

போன ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை விரித்தேன். என் முடியை எப்போதும் நானே வெட்டிக்கொள்வேன், உனக்குத் தெரியும். கை இப்படியான பிறகு அதைக் கொண்டை போட்டே மறைத்துவைத்திருந்தேன். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். டீச்சர் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்து, “தோளோட நிறுத்து” என்றேன். அவள் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. “ரொம்பக் குறைக்காதே” என்றேன். “சரிக்கா” என்றாள். “இன்னும் கொஞ்சம் குறை” என்றேன். “பேசாம உக்காருங்கக்கா, தலையை ஆட்டாதீங்க” என்று டாக்ஸிக்காரர் ஓரத்திலிருந்து சொன்னார். அந்த மனுஷனை நான் என்ன சொல்லித் திட்டுவது.

கண்ணாடி கொண்டுவந்தார்கள். முப்பது வருஷத்தில் நான் பார்த்த வெட்டுகளில் இதைப்போல மோசமான ஒன்று கிடையாது. வலது பக்கம் தோளில் நிற்கிறது, இடது பக்கம் காதோடு பேசுகிறது, பின்னால் படிக்கட்டு. டீச்சர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அழகா இருக்கு” என்றேன்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் முக்குக் கடைக்காரர் கடை திறப்பதற்கு முன்னால் இங்கே வந்து வெட்டிவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வேன். அதற்குக் கை வேண்டாம். மெஷினை எடுத்தால் மட்டும் வாசலோடு அனுப்பிவிடுவேன்.

சனிக்கிழமை வா. உன் ஆப்புகளை எடுத்துப் போய்விடு, வழியில் கிடந்து காலை இடறுகிறது. உன் மேசை ஆடவில்லை தம்பி, ஒருநாளும் ஆடினதில்லை. டாக்ஸிக்காரர் என்னைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிவருகிறார். கூட்டத்தில் என்னைத் தேட வேண்டாம். இந்த முடியை நான் யாரிடமும் கொடுத்துச் சரிசெய்யவில்லை, அப்படியேதான் வருவேன்.

அக்கா